வெயிலின் ஐந்தொகை

காரைக்குடிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் சீமைக்கருவேல மரத்தை இழுத்துவிடுவார். "அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிரும்ணே. அதான் இங்கிட்டு இப்படிக் காந்துது." சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய், புறம்போக்கு, தரிசு என்று பார்த்த இடமெல்லாம் அந்த மரம் நிற்பதால் அதன்மேல் பழி போடுவது சுலபம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராகப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிய நாட்களில் இந்தப் பேச்சு வாட்ஸப்பில் இன்னும் ஒரு படி ஏறியது. அந்த மரம் ஆக்சிஜனே விடாதாம், கரியமில வாயுவை மட்டும்தான் விடுமாம்.

ஈரம் காற்றிலிருந்து மரத்துக்குள் போகிறதா, மரத்திலிருந்து காற்றுக்கு வருகிறதா? இதற்குப் பட்டிமன்றம் தேவையில்லை, அளந்தே பார்த்துவிடலாம். நிலத்துக்கும் காற்றுக்கும் நடுவே வெப்பமும் ஈரமும் வாயுக்களும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் கைமாறுகின்றன என்று அளப்பதற்கென்றே வானிலை அறிவியலில் ஒரு துறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'காந்தப் பாயம்' படித்தோமே, அதே பாயம்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடந்து ஒரு நொடியில் எவ்வளவு போகிறது என்ற கணக்கு.

செட்டிநாட்டில் இதைக் கணக்குப் பாஷையில் சொன்னால் சட்டென்று விளங்கும். வட்டிக்கடையில் கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் ஊர் இது. இருப்பு வேறு, பற்று வரவு வேறு என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டாம். "மதுரையில் 104 டிகிரி" என்று பேப்பரில் வருவது இருப்பு மட்டும்தான், சாயங்காலம் பெட்டியில் எவ்வளவு கிடந்தது என்பது போல. எங்கிருந்து வந்தது, எதில் செலவானது என்று அது சொல்லாது. அதற்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

வரவு என்று பார்த்தால் சூரியன் ஒருவர்தான். சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் வந்து விழுகிறது. நல்ல இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சக்தி அது. விழுவதெல்லாம் கைக்கு வராது. செம்மண் ஐந்தில் ஒரு பங்கு போல் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் அதில் பாதிகூட அனுப்பாது. அதுபோகச் சூடான தரையும் தன் பங்குக்கு மேல்நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கும், வானமும் கொஞ்சம் திருப்பி வீசும். இதையெல்லாம் கழித்துக் கூட்டி மிஞ்சுவது நிகரக் கதிர்வீச்சு. அதை அளக்கும் கருவிக்கு நான்கு கண். இரண்டு வானத்தைப் பார்த்திருக்கும், இரண்டு தரையைப் பார்த்திருக்கும். கோடை நாள் ஒன்றுக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 15 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவு மூன்று வகை. தரை சூடாவது ஒன்று, காற்று சூடாவது ஒன்று, தண்ணீர் ஆவியாவது ஒன்று. ஒளிச்சேர்க்கைக்குப் போவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்த மூன்றில்தான் ஊரின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆக, அந்த 15 மெகாஜூலும் ஆவியாக்கவே செலவானால் நாளுக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் போகும், காற்று சூடாகவே செய்யாது. தண்ணீரே இல்லாத பொட்டலில் என்ன ஆகும்? தரைக்குக் கொஞ்சம் போக, பெரும்பங்கு காற்றின் தலையில் விழும். கணக்குக்காக 8 மெகாஜூல் காற்றுக்குப் போகிறது என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் மொத்தக் காற்றையும் 7 டிகிரி செல்சியஸ் ஏற்ற அது போதும். வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், செலவான தலைப்புதான் வேறு. காற்றைச் சூடாக்கச் செலவானதை, ஆவியாக்கச் செலவான தொகையால் வகுத்து வரும் எண்ணுக்கு போவன் விகிதம் என்று பெயர். 1926-ல் ஐரா போவன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கொடுத்தது. தண்ணீர் நிற்கும் வயலில் அது ஒன்றைவிட நன்றாகக் குறைவு. காய்ந்து வெடித்த தரையில் ஐந்தையும் தாண்டிப் போகும்.

ஆவியாவதை அளக்க எளிய வழி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான். வானிலை நிலையங்களில் அதற்கு 'ஏ வகுப்பு' தட்டு என்று ஒன்று உண்டு. குறுக்களவு சுமார் 121 சென்டிமீட்டர், ஆழம் கால் மீட்டர். நானும் ஒரு கோடையில் மொட்டைமாடியில் பழைய எனாமல் பேசின் ஒன்றை வைத்துப் பார்த்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பூப்போட்ட பேசின். உள்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்தேன். முதல் நாள் ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்தது. இரண்டாம் நாள் இரண்டு. என்னடா இது, நேற்றைக்கும் இன்றைக்கும் வெயிலில் ஒரு வித்தியாசமும் இல்லையே என்று மூன்றாம் நாள் நிழலில் மறைந்து உட்கார்ந்து பார்த்தால், காக்காய் ஒன்று சாவகாசமாக முங்கிக் குளித்துவிட்டு இறக்கையை உதறிக்கொண்டிருந்தது. இந்திய வானிலைத் துறை தன் தட்டுகளைக் கம்பிவலை போட்டு மூடி வைப்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

காக்காய் வராமல் இருந்தாலும் என் பேசின் கூடுதலாகத்தான் காட்டியிருக்கும். சுற்றிலும் கொதிக்கும் தளவரிசை, பக்கவாட்டிலிருந்தும் வெப்பம் ஏறுகிறது. கண்மாயின் நடுவில் அப்படி ஏறாது. அதனால்தான் தட்டில் வந்த எண்ணைச் சுமார் 0.7-ஆல் பெருக்கி ஏரிக்கும் கண்மாய்க்கும் கணக்கிடுகிறார்கள்.

அதே மொட்டைமாடியில் அப்பத்தா கூழ்வடகம் பிழிவாள். பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து, பிழிவதற்கு முன்னால் முகத்தைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பாள். கிழக்கே தொண்டிப் பக்கமிருந்து கடற்காற்று புகுந்துவிட்டால், "வெயில் மட்டும் பத்தாதுடா, காத்தும் சரியா இருக்கணும்" என்று கொஞ்சமாகப் பிழிந்துவிட்டு இறங்கிவிடுவாள். 1948-ல் ஹோவர்ட் பென்மன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சமன்பாட்டில் இருப்பதும் இதுதான். ஆவியாக்க வெயில் தரும் ஆற்றல் ஒரு பக்கம், காற்றின் வேகமும் வறட்சியும் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தால்தான் விடை வரும். ஆடிக்காற்று மேற்கேயிருந்து வறண்டு வீசும்போது, சித்திரை வெயில் தணிந்த பிறகும் கண்மாய் மளமளவென்று வற்றுவது இதனால்தான்.

ஆனால் தட்டு தண்ணீரை மட்டும்தான் அளக்கும். வயலோ மரமோ விடும் ஈரத்தை, அதன் போக்கைத் தொந்தரவு செய்யாமல் எப்படி அளப்பது? இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் முறைக்கு எட்டி கோவேரியன்ஸ் என்று பெயர். எட்டி என்றால் சுழல், காற்றின் சுழிப்பு. பெயர் மிரட்டினாலும் விஷயம் டவுன் பஸ் கணக்குதான்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே காலையில் ஐம்பது பஸ் போய் ஐம்பது பஸ் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்களை மட்டும் எண்ணினால் எங்கும் எதுவும் நகரவில்லை என்று தோன்றும். ஒவ்வொரு பஸ்ஸிலும் எத்தனை பேர் என்று பார்த்தால்தான், போகும்போது நெருக்கியடித்துப் போய் வரும்போது காலியாக வருவது தெரியும். காற்றும் அப்படித்தான். தரைக்கு மேலே அது நேராக ஓடுவதில்லை, உருண்டு புரண்டு ஓடுகிறது. ஒரு மூச்சு மேலே போகும், ஒரு மூச்சு கீழே வரும். அரை மணி நேரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் மேலே போனதும் கீழே வந்ததும் ஏறக்குறைய சமம். சுமையில்தான் வித்தியாசம். வயலிலிருந்து எழும் மூச்சு ஈரமாக இருக்கும், மேலிருந்து இறங்கும் மூச்சு காய்ந்திருக்கும்.

சரி, ஒவ்வொரு மூச்சையும் எண்ணுவது யார்? கம்பத்தின் உச்சியில் ஒரு கருவி. மூன்று ஜோடி மெல்லிய கைகள், ஒவ்வொரு ஜோடியின் முனைகளுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நம் காதுக்குக் கேட்காத மீயொலித் துடிப்பு ஒன்று பாயும். பிறகு அங்கிருந்து இங்கே பாயும். 35 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் சொச்சம், ஆகவே 15 சென்டிமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடிகூட ஆகாது. காற்று கூடவே அடித்தால் துடிப்பு கொஞ்சம் முந்தும், எதிர்த்து அடித்தால் பிந்தும். அந்த முந்தல் பிந்தலிலிருந்து காற்றின் வேகம் கிடைக்கிறது. மூன்று ஜோடி இருப்பதால் மேலே கீழே போவதும் சேர்ந்து கிடைக்கிறது. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால் அந்த நொடியின் வெப்பநிலையும் கொசுறு. பக்கத்திலேயே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் எவ்வளவை விழுங்கின என்று பார்க்கும் இன்னொரு கருவி. இரண்டும் நொடிக்குப் பத்து, இருபது தடவை எழுதிக்கொண்டே இருக்கும்.

(காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு கேள்வி வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்மூரில் இருக்கிறதே, வாயுவை மின்வேதி உணரியால் அளக்கக் கூடாதா என்று. அளக்கலாம், நச்சு வாயுக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் பல கருவிகள் அந்த வகைதான். ஆனால் அவை ஒரு மாற்றத்தை உணர்ந்து சொல்லப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் நூறு மூச்சு மேலும் கீழும் போய்விடும். இங்கே அதனால்தான் ஒளி.)

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மூச்சு நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது, சராசரியைவிடக் கனமீட்டருக்கு மூன்றில் ஒரு கிராம் கூடுதல் ஈரத்துடன். பெருக்கினால் 0.1. அடுத்த மூச்சு அதே வேகத்தில் கீழே வருகிறது, சராசரியைவிட மூன்றில் ஒரு கிராம் குறைவாக. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல், அதுவும் 0.1. இப்படியே போனால் சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.1 கிராம் நீராவி மேலே போகிறது, அதாவது 245 வாட். மணிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஈரத்துக்குப் பதில் வெப்பநிலையை வைத்துப் பெருக்கினால் வெப்பத்தின் பாயம், கார்பன் டை ஆக்சைடை வைத்தால் அதன் பாயம். கூட்டல் வந்தால் மேல்நோக்கி, கழித்தல் வந்தால் கீழ்நோக்கி.

ஓட்டத்தைச் சராசரியாகவும் அதிலிருந்து விலகும் ஏற்ற இறக்கமாகவும் பிரிக்கும் யோசனை ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸுடையது, 1895-ல் வந்தது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும் அளவுக்கு வேகமான கருவிகள் வர அரை நூற்றாண்டு ஆனது. இப்படி அளக்கும் கோபுரங்களை ஒன்றிணைக்கும் ஃப்ளக்ஸ்நெட் என்ற உலக வலையமைப்பு 1997-லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு கோபுரம் நிற்கிறது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில்தான். செட்டிநாட்டுக்கு அந்த அளவு சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம்.

கருவி எழுதுவதை அப்படியே நம்பினால் மோசம் போவோம். நம்மூர்ப் பொட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் தரையிலிருந்து எழும் மூச்சு சூடானது, விரிந்தது. ஒரு கனமீட்டரில் எல்லா வாயுவும் குறைவாக இருக்கும், கார்பன் டை ஆக்சைடும் குறைவாக இருக்கும். கருவி இதைப் பார்த்துவிட்டு, ஒரு பச்சை இலைகூட இல்லாத தரை கார்பனை அள்ளி விழுங்குகிறது என்று எழுதிவைக்கும்! 1980-ல் வெப், பியர்மன், லூனிங் என்ற மூவர் இதற்குத் திருத்தம் கொடுத்தார்கள். வறண்ட நிலத்தில் அளந்த எண்ணைவிட இந்தத் திருத்தமே பெரிதாக வருவதுண்டு, அம்புக்குறியையே புரட்டிப் போட்டுவிடும்.

அப்புறம் ஐந்தொகை. வந்த கதிர்வீச்சை ஒரு பக்கம், தரைக்கும் காற்றுக்கும் ஆவிக்கும் போனதை மறுபக்கம் எழுதிக் கூட்டினால் இரண்டும் சமமாக வர வேண்டும். வராது. பெரும்பாலான கோபுரங்களில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை துண்டு விழுகிறது, அதுவும் அநேகமாகச் செலவுப் பக்கத்தில்தான் குறைகிறது. பழைய கணக்கப்பிள்ளைகள் காலணா உதைத்தாலும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்து தேடுவார்கள் என்பார்கள். இவர்களும் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரை மணி நேரக் கணக்கில் சிக்காத பெரிய, மெதுவான சுழற்சிகள் கொண்டுபோவது ஒரு பங்கு. கருவிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பரப்பைப் பார்ப்பது ஒரு காரணம். மண்ணும் மரமும் கட்டடமும் பகலில் உள்ளே முடக்கி வைத்துக்கொள்வதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது இன்னொரு காரணம்.

அந்தக் கடைசிக் காரணத்தை நம் வீடுகளில் தொட்டே பார்க்கலாம். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுண்ணாம்புச் சுவரில் மத்தியானம் கை வைத்தால் குளிர்ச்சி. ராத்திரி எட்டு மணிக்கு மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் கை வைத்தால் பகல் முழுக்க வாங்கிப்போட்டதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆத்தங்குடி கல் பதித்த முற்றத்து ஓரத்தில் அந்த நேரத்தில் பாய் விரிப்பவர்களுக்கு எந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் படுக்க வேண்டும் என்று தெரியும்.

இனி கண்மாய். நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை போலிருக்கும். நூறு ஏக்கர் நீர்ப்பரப்பு என்றால் அது 24 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரியில் இருநூறு லோடு. தினமும். தை தொடங்கி ஆனி முடிய, சராசரி 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 90 சென்டிமீட்டர், மூன்றடி. ஒரு மடையும் திறக்காமல், ஒரு வயலும் நனையாமல் மூன்றடித் தண்ணீர் வானத்துக்குப் போகிறது. ஓர் ஆள் உயரம்கூட இல்லாமல் மேடிட்டுப்போன கண்மாய்க்கு மூன்றடி என்பது பாதிச் சொத்து. தூர் வாருவதைக் கொள்ளளவுக்காக என்றுதான் சொல்கிறோம். அதே தண்ணீரைக் குறைந்த பரப்பில் ஆழமாக நிறுத்துவதால் வெயில் பிடுங்கும் பங்கும் குறைகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. குடிதண்ணீருக்கான ஊருணியைச் சின்னதாக, ஆழமாக, செம்புறாங்கல் படி வைத்துக் கட்டியதில் இந்த லாபமும் சேர்ந்தே இருக்கிறது.

அந்தப் பக்கத்து நெல்லில் வாயுக் கணக்கும் உண்டு. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்கும், அது பெரும்பாலும் நெல் தண்டின் உள்துளை வழியாகவே, குழாயில் வருவது போல் மேலே வந்துவிடும். இதை அளக்கக் கோபுரம்தான் வேண்டும் என்றில்லை. நாலு தூரை மூடும் அளவுக்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் காற்றை இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மீத்தேன் ஏறும் வேகம்தான் பாயம். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு சூடேற்றும் வாயு என்பதால் இதைத் துரத்துகிறார்கள். சிவகங்கைச் சீமையில் புழுதி விதைப்பு வழக்கம். மழைக்கு முன்னால் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு, கண்மாய் பெருகிய பிறகே தண்ணீர் கட்டுவார்கள். அந்த முதல் வாரங்களில் மண் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால் மீத்தேன் பிறக்க வழியில்லை.

ராத்திரிக் கணக்குதான் இந்தத் துறையில் தலைவலி. காற்று அடங்கிவிட்டால் பஸ்ஸே ஓடாது. செடியும் மண்ணும் விடும் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கி நிற்கும், உச்சியிலிருக்கும் கருவிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் காற்றசைவு குறைந்த நேரத்து எண்களைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த அமைதியான இரவுக்குள் இன்னொரு வேடிக்கையும் ஒளிந்திருந்தது. மேகமில்லாத இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரைதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, பாலக்காட்டில் பிறந்து புனேயில் வேலை பார்த்த எல். ஏ. ராமதாஸ், ஆத்மநாதன் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1932-ல் ஒரு முடிவை வெளியிட்டார். மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை, தரைக்கு மேலே சில அங்குலம் தொடங்கி முழங்கால் உயரத்துக்குள் எங்கோ இருக்கிறது! கருவி தப்பு என்றே பலர் நினைத்தார்கள். ராமதாஸ் அடுக்கு என்று இன்று அதற்குப் பெயர். அது ஏன் உண்டாகிறது என்பதைப் பெங்களூரில் ரோத்தம் நரசிம்மா குழுவினர் பிற்பாடு பல ஆண்டுகள் துருவினார்கள். மார்கழி விடியலில் கோலம் போடக் குனிகிறவர்களின் மூக்கு அந்த அடுக்குக்குள் போய்வந்தாலும் வரும்.

டீக்கடைக்குத் திரும்பினால், கருவேலத்தின் வழக்கு பாதி தீர்ந்துவிட்டது. எந்த இலைக்குள்ளும் ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதம். வெளியே சித்திரை மத்தியானக் காற்று அதில் பாதிகூட இருக்காது. இலைத்துளை திறந்தால் நீராவி வெளியேதான் போகும். அம்புக்குறி மேல்நோக்கி. வெயில் அந்த மரத்தில் ஆவியாக்கச் செலவாவதால், மரம் நிற்கும் இடம் பக்கத்துப் பொட்டலைவிடச் சூடாக இருக்க வழியில்லை. ஆக்சிஜன் கதையும் நிற்காது. பகலில் கார்பனை வாங்கி ஆக்சிஜனைக் கொடுக்காமல் ஒரு மரம் அந்தக் கனமான விறகை எங்கிருந்து செய்யும்? அதைத்தானே மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறோம். மரத்தின் மேல் உள்ள மீதிப் பாதிக் குற்றச்சாட்டு வேறு இடத்தில் இருக்கிறது. மேலே விடும் ஒவ்வொரு லிட்டரையும் அது ஆழத்திலிருந்து எடுக்கிறது, கண்மாய்க்குள் நின்றால் நீர்வரத்தையும் மறிக்கிறது. அதன் குளுமைக்கு விலை நிலத்தடி நீர். மூன்றடி இழந்து நமக்குக் குளுமை தருகிற கண்மாயும் அதே விலையைத்தான் வாங்குகிறது.

எவ்வளவு விலை என்று தெரிய வேண்டுமானால், மேற்குக் கரையில் கருவேலக் காடு மண்டிய கண்மாய் ஒன்றில், நீர்ப்பிடிப்பும் காடும் சேரும் அந்தக் கரைமேல், மர உச்சிக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் கருவி நிற்கும்படி ஒரு கம்பம் நட்டால் போதும். இப்படி ஒரு கருவி பார்ப்பது பெரும்பாலும் காற்று வரும் திசையில், உயரத்தைப் போல் நூறு மடங்கு தூரத்துக்குள் உள்ள பரப்பை. இங்கே காட்டுப் பக்கம் 300 மீட்டர், தண்ணீர்ப் பக்கம் இன்னும் கூடுதல். ஆடியில் காற்று மேற்கேயிருந்து வரும்போது அது கருவேலத்தின் கணக்கை எழுதும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் அதே கருவி, அதே கம்பம், கண்மாய்த் தண்ணீரின் கணக்கை எழுத ஆரம்பிக்கும்.